பன்னிரண்டாவது கால்

டாக்டர் உயரம் கேட்டால் நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். தையல்காரர் இடுப்பு கேட்டால் முப்பத்தெட்டு இஞ்ச் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். இரண்டையும் ஒரே அளவுமுறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என் உடம்பின் உண்மை நிலவரம் வெளியே வந்துவிடும். இந்த நாட்டில் இரண்டு அளவுமுறைகளும் இன்னும் உயிரோடு இருப்பதற்கு என்னைப் போன்றவர்கள்தான் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

சந்தேகம் என் பிறவிக் குணமல்ல. வேலையில் வந்து ஒட்டிக்கொண்டது. கொடைக்கானலில் அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் எலக்ட்ரானிக்ஸ் கிட் தயாரித்தோம். கிட் என்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் உதிரிச் சாமான்கள், ஓட்டை போட்ட ஒரு போர்டு, ஒரு விளக்கத் தாள். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானின் காலையும் ஓட்டைக்குள் விட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து, கை தட்டினால் எரியும் விளக்கையோ தொட்டி நிரம்பினால் கத்தும் பெட்டியையோ தானே செய்துகொள்ளலாம். செய்து முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் கை தட்டிக் காட்டலாம். அந்த நேரம் பார்த்து விளக்கு எரியாது. பிறகு எங்களுக்கு போன் வரும். போர்டு வரைவது என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் அடக்கம்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹோம்ஸ்டே சாப்பாட்டுக் கூடத்தில், இதே பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். போன வாரம் ஹோம்ஸ்டேக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "சார், போர்டு வரையறதுக்கு முன்னாடியே மில்லா, மில்லிமீட்டரான்னு கேக்குது. எதை வைக்க?"

"எதையாச்சும் வையுங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பக்கத்திலிருந்த வங்கிக்காரர்.

இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடரி சில்லிடும். அந்தச் சில்லிப்பு கவுஞ்சி என்ற மலைக்கிராமத்திலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மில்லைப் பற்றி. ஓர் இஞ்சை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில். மில்லிமீட்டருக்குத் தம்பி மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்த உறவும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் இஞ்சில் பேசும் தேசங்களில் பிறந்தவை. அதனால் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி இஞ்சில் பத்தில் ஒரு பங்கு, இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துவிட்டார்கள். மில்லிமீட்டரில் அது 2.54, 5.08. வாய் நிறைய யார் அதைச் சொல்வது? பட்டறையில் 'ரெண்டரை', 'அஞ்சு' என்போம். மிச்சமுள்ள புள்ளிக்கணக்கு தலைமுடி கனம் இருக்கும். என் தலையில் இன்று மிஞ்சியிருக்கும் முடியை வைத்துப் பார்த்தால் பொருட்படுத்தவே வேண்டாத அளவு.

நான் தொழில் கற்றதைச் சுருக்கமாகவே சொல்லலாம். திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மலையேறினேன். சில வருடம் பிலிமில் கறுப்பு டேப்பை ஒட்டி ஒட்டி, நிஜ அளவுக்கு இரண்டு மடங்கில் போர்டு வரைந்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை கையால் செய்த தப்பை அதற்குப் பிறகு வேகமாகச் செய்தேன். அவ்வளவுதான்.

சுருக்க முடியாதவர் ஞானமுத்து சார். பட்டறையின் முதலாளி, மேலாளர், காவல்காரர் மூன்றும் அவரே. குள்ளமான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது. ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். ஒரு விளிம்பில் இஞ்ச், மறு விளிம்பில் சென்டிமீட்டர். டீக்கடை பன் சிறுத்துவிட்டது என்று தோன்றினால் ஸ்கேலை எடுத்துவிடுவார். டீக்கடைக்காரர் அவர் வருவதைப் பார்த்ததும் பெரிய பன்னாகத் தேடி எடுத்து மேலே வைப்பார். "பாத்தியா, நேத்து சின்னது, இன்னைக்குப் பெருசு. அளவே இல்லாத ஆளு" என்று அதற்கும் சந்தேகப்படுவார்.

எண் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்வி வரும். "எதுல?"

"போர்டு அகலம் நாலு சார்."

"எதுல?"

"இஞ்சுலதான் சார். நாலு சென்டிமீட்டர்ல போர்டு போட முடியுமா?"

"ஏலே, அதை நீயே சொல்லு. சொல்லாம விட்டா அடுத்தவன் அவன் இஷ்டத்துக்கு நெனச்சுக்குவான்."

புதுச் சாமான் வந்தால் அதற்கொரு சடங்கு உண்டு. ஸ்டோர் பரமசிவம் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். சார் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைப் படிப்பார், நம்ப மாட்டார். "அச்சடிக்கிறவனுக்கு என்ன, அவன் வாயா கிழியப்போகுது?" கடைக்காரர் தந்த சாம்பிளை எடுத்து, டிராயரில் இதற்காகவே வைத்திருக்கும் பழைய போர்டில் தன் கட்டைவிரலால் செருகிப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு இறங்கினால் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்குப் பிறகுதான் பாக்கெட் ஸ்டோருக்குள் போகும். கடைகள் சாம்பிளாகத் தருவது எப்போதும் இருப்பதிலேயே சின்ன உருப்படியைத்தான். கனெக்டர் என்றால் இரண்டு கால் உள்ளது. சும்மா கொடுப்பதில் பெரிதாக யார் கொடுப்பார்கள்?

வேலை செய்யவில்லை என்று திரும்பி வரும் கிட்டுகளுக்கு ஜன்னலோரம் தனி மேசை. அதில் ஒரு லென்ஸ், ஒரு மீட்டர், கீழே ஒரு ஹீட்டர். கொடைக்கானல் பனிமூட்டத்தில் ஈரம் ஏறாமலிருக்க அந்த மூலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். சார் முதலில் லென்ஸில் ஈயத்தைப் பார்ப்பார். அடுத்து பேட்டரி கொடுத்து ஓட்டுவார். கடைசியில் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்: "பத்தவச்சவன் கையி சரியில்ல."

ஒரு ஜனவரியில் பாண்டியம்மாள் வந்தார். கவுஞ்சியில் பூண்டு போடுகிறவர். மொபைல் ரிப்பேர் கற்றுக்கொண்டு, அங்கிருந்து எங்கள் கிட்டுகளுக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் உறைபனி அலாரத்தை வாங்கித் தன் கையால் பற்றவைத்து, தன் காட்டுக்கும் பக்கத்துக் காடுகளுக்கும் சேர்த்து ஒயர் இழுத்திருந்தார். எந்தக் காட்டில் தரையின் வெப்பம் உறையும் அளவுக்கு இறங்கினாலும் அவர் வீட்டுக் கூரையில் சைரன் கத்தும். எல்லாரும் எழுந்து, தண்ணீர் தெளித்துச் செடியைக் காப்பாற்றலாம். ஒரே கூரையில் ஊருக்கே சைரன்.

மஞ்சப்பையிலிருந்து போர்டை எடுத்து மேசையில் வைத்தார். "பனி விழுந்துச்சு சார். இது கத்தல."

சார் லென்ஸை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "ஈயம் யாரும்மா வச்சது?"

"நாந்தேன்."

"நல்லாத்தான் வச்சிருக்க." அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பேட்டரியை மாட்டி, குளிர் உணரும் முனையை ஏமாற்றுவதற்கான பட்டனை அழுத்தினார். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சைரன் காதைக் கிழித்தது. "இந்தா கத்துதே!"

"எங்க வீட்லயும் பகல்ல கத்துது சார். பனியிலதான் கத்தல. பனிக்குக் கத்தத்தானே வாங்குனேன்?"

"ஒயர்ல ஏதாச்சும் இருக்கும்மா. எலி கடிச்சிருக்கும்."

"ஒயர மாத்திட்டேன். எலியையும் மாத்தவா?"

நான் சிரித்துவிட்டேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்கேலின் இரண்டு விளிம்பும் இருந்தன.

பிறகுதான் அந்தம்மா விஷயத்துக்கு வந்தார். அன்று பக்கத்துக் காடுகளில் உருளைக்கிழங்குச் செடி மொத்தமும் கருகிவிட்டது. பூண்டு பனியைத் தாங்கும். அவருடையது மட்டும் பச்சையாக நின்றது. ஊருக்கு இது போதாதா? 'தன் காட்டுக்கு ஆபத்தில்லேன்னு சைரன அமத்திட்டுத் தூங்கிட்டா' என்று ஆரம்பித்து, 'நம்ம கெழங்கு கருகணும்னே அமத்தினா' என்பதுவரை பேச்சு வளர்ந்துவிட்டது. அங்கெல்லாம் ஒருவர் காட்டு அறுவடைக்கு மற்றவர் போவார்கள். பதிலுக்கு அவர்கள் இவர் காட்டுக்கு வருவார்கள். பாண்டியம்மாளின் பூண்டுக்கு யாரும் வருவதில்லை என்று முடிவாகிவிட்டது.

"தனியா ஒரு ஆளு எம்புட்டுப் பூண்டு சார் புடுங்க முடியும்? மழை வந்துட்டா மண்ணுக்குள்ளயே அழுகிப் போகும். அதக்கூட விடுங்க. தண்ணிக் குழாய்ல எம் பக்கத்துல நிக்க மாட்டேங்குறாங்க. இது ஏன் கத்தலேன்னு தெரியாம நான் ஊருக்குப் போகப்போறதில்ல."

உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கும் முதல் சந்தேகம் அந்தம்மா மேல்தான். நிஜமாகவே தூங்கிவிட்டு வந்து பேசுகிறாரோ? இரண்டாவது சந்தேகம் பரமசிவத்தின் மேல். பரமசிவம் பழனிக்காரர். குடும்பமே அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறது. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஆளுக்கொரு டப்பா கொடுப்பார். இவ்வளவு இனிப்பு கொடுக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று பல வருடமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், டப்பாவை வழித்து நக்கிக்கொண்டே. அந்தச் சீசனில் அவர் சாமான் வாங்கும் கடையை வேறு மாற்றியிருந்தார். எனக்குக் கதை முழுசாகக் கிடைத்துவிட்டது: கடைக்காரன் கழிவுச் சரக்கைத் தள்ளியிருக்கிறான், இவர் கண்டுகொள்ளவில்லை.

சார் வேறு மாதிரி யோசித்தார். ஸ்கேலால் மோவாயைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு இந்தம்மா மேலயும் சந்தேகமா இருக்கு, நம்ம மேலயும் சந்தேகமா இருக்கு. பனியில கத்தலங்குது. சரி, பனியில வச்சே பாத்துருவோம்."

பகல் பொழுதில் பனிக்கு எங்கே போவது? எங்கள் பட்டறையில் பிரிட்ஜ் கிடையாது. கொடைக்கானலில் எதற்கு என்று வாங்கவில்லை. ரோட்டுக்கு எதிரே டூரிஸ்ட்டுகளுக்கான ஐஸ்கிரீம் கடை இருந்தது. நாலு பேரும் ஊர்வலமாகப் போனோம். கடைக்காரர் முதலில் மறுத்தார். சார் ஒரு பேமிலி பேக் வாங்கியதும் ஒதுங்கி வழிவிட்டார். ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே போர்டைப் படுக்க வைத்து, சைரனை மட்டும் ஒயரோடு வெளியே எடுத்து நான் கையில் பிடித்துக்கொண்டேன். கண்ணாடி மூடி வழியாகச் சிவப்பு விளக்கு தெரிந்தது. குளிர் என்று போர்டுக்குப் புரிந்துவிட்டது. சைரன் கத்தியது. கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், வெண்ணிலா கேட்க வாயெடுத்தவர்கள், திரும்பி நடந்தார்கள்.

"கத்துதேம்மா" என்றார் சார்.

"பொறுங்க சார். பனி என்ன, பஸ்ஸா? சொன்ன நேரத்துக்கா வருது?"

பொறுத்தோம். சைரன் கத்திக்கொண்டே இருந்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு என்னவோ சொன்னார்; கேட்கவில்லை. அப்புறம் அவர் சொன்னது கேட்டது. சைரன் நின்றிருந்தது.

மூடிக்குள் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

குளிர் உணரும் முனையை உள்ளேயே விட்டுவிட்டு, போர்டை மட்டும் வெளியே எடுத்து பாண்டியம்மாள் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். சூடு ஏறியதும் என் கையிலிருந்த சைரன் திடுமென்று கத்தியது. நான் அதைக் கீழே போட்டுவிட்டேன். அந்தம்மா சார் முகத்தையே பார்த்தார்.

மேசைக்குத் திரும்பினோம். ஒயர்களைத் திருகாணியால் முடுக்கும் நீளக் கனெக்டர் ஒன்று போர்டின் ஓரத்தில் இருந்தது. பன்னிரண்டு கால். சைரன் ஒயர் அதன் கடைசிக் காலில். சார் லென்ஸை அங்கே வைத்தார். பளபளவென்று இருந்த ஈயத்துக்குள், காலைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்ட விரிசல். சூட்டில் ஒட்டிக்கொள்ளும், குளிரில் சுருங்கி விட்டுவிடும். கால் நேராக இல்லை. ஓட்டைக்குள் சாய்ந்து, ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இதச் செருகும்போது எப்படிப் போச்சு?"

"கொஞ்சம் அடம் புடிச்சுச்சு. அமுக்குனேன், போயிருச்சு."

சார் ஸ்டோரிலிருந்து புதுக் கனெக்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். காலி போர்டின் மேல் வைத்தார். முதல் கால் ஓட்டைக்கு நேராக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது பரவாயில்லை. போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பின்தங்கி, பன்னிரண்டாவது கால் ஓட்டைக்குள் இல்லாமல் அதன் கரையில் ஏறி நின்றது. போர்டில் ஓட்டைகள் 5.08. கனெக்டரில் கால்கள் சுத்தமான ஐந்து. இஞ்ச் கலக்காத ஐந்து.

நான் பரமசிவத்தை வெற்றியோடு பார்த்தேன். "புதுக் கடைச் சரக்கு!"

பரமசிவம் என்னைப் பார்க்கவில்லை, சாரைப் பார்த்தார். "சார், பாக்கெட்ல அஞ்சுன்னு போட்டிருக்கு, எப்பவும் வர்றது அஞ்சு புள்ளி பூஜ்யம் எட்டாச்சேன்னு நான் கேட்டேன்ல? நீங்கதான சாம்பிளப் போட்டுப் பாத்துட்டுத் தலையாட்டுனீங்க?"

சார் டிராயரைத் திறந்தார். பழைய போர்டில் அந்தச் சாம்பிள் இன்னும் செருகியே இருந்தது. இரண்டு கால். எடுத்து மறுபடி செருகினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மறுபடி எடுத்தார், மறுபடி செருகினார். உலகத்தில் ஒன்றையும் நம்பாத மனிதர், சந்தேகம் வந்து, அதைச் சோதித்துப் பார்த்து, அந்தச் சோதனையை மட்டும் நம்பிவிட்டார். முடி கனத்து வித்தியாசம் இரண்டு காலில் எங்கே தெரியும்? பன்னிரண்டு காலுக்குள் அது ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு மில்லிமீட்டரை எட்டிப் பிடிக்கப் போகிறது என்பது ஓட்டைக்குத்தான் தெரியும்.

நான் பரமசிவத்திடமிருந்து வாங்கித் தின்ற பஞ்சாமிர்தமெல்லாம் தொண்டைக்குத் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

"புது போர்டும் சரியான கனெக்டரும் தர்றோம்மா" என்றார் சார்.

"அது தாங்க. ஆனா நீங்க ஊருக்கு வந்து இதச் சொல்லணும்."

"நான் வந்து சொன்னா நம்புவாங்களா?"

"நம்ப மாட்டாங்கதான். ஆனா அதுக்கப்புறம் என்னைய மட்டும் திட்ட மாட்டாங்கள்ல."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினோம். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைப் பையை வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கவுஞ்சியில் இறங்கியதும் பாண்டியம்மாள் எங்களை டீக்கடைக்கு நேராகக் கூட்டிப்போனார். கருகிய உருளைக்குச் சொந்தக்காரர்கள் பெஞ்சில் இருந்தார்கள். நடுவில் மாயாண்டி. அவர் காட்டில்தான் சேதம் அதிகம். பேச்சிலும் அவர்தான் முந்தி.

சார் நின்றபடியே சொன்னார். "நாங்க குடுத்த சாமான் அளவு தப்பு. குளிர்ல விட்டுப்போச்சு. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

மாயாண்டி டீயை ஒருமுறை உறிஞ்சினார். "ஏன் சார், கம்பெனிக்காரன் தானா பஸ் ஏறி வந்து தப்பு எங்களுதுன்னு சொன்னத எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? நாங்க கேட்டதில்ல. இதுக்குள்ள என்னமோ கெடக்கு."

"அதானே" என்றார் பக்கத்தில் இருந்தவர். "இவ என்னத்தச் சொல்லிக் கூட்டியாந்தாளோ."

எனக்கே நியாயமான சந்தேகமாகத்தான் பட்டது. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் பஸ் டிக்கெட்டைக் காட்டச் சொல்லியிருப்பேன்.

சார் காலி போர்டையும் கனெக்டர்களையும் எடுத்தார். "நீங்களே பாருங்க. இது ரெண்டு கால். போடுங்க." மாயாண்டி செருகினார். இறங்கியது. "இப்ப இது பன்னெண்டு கால். வச்சுப் பாருங்க. கடைசிக் கால் ஓட்டைல நிக்காது."

மாயாண்டி வைத்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அப்புறம் மண்வெட்டி பிடித்த கட்டைவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். கறக் என்றது. பன்னிரண்டு காலும் உள்ளே போய்விட்டன.

"போகுதே!" என்று போர்டைத் தூக்கிக் காட்டினார். பெஞ்சில் சிரிப்பு. "அளவு தப்புன்னு இம்புட்டுத் தொலைவு வந்திருக்காரு. சும்மா அமுக்குனா போகுது!"

சார் முகம் செத்துவிட்டது. கொண்டுவந்த ஒரே சாட்சியும் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. நான் திரும்பும் பஸ் எப்போது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

பாண்டியம்மாள் முன்னால் வந்தார். மாயாண்டி கையிலிருந்த போர்டைத் திருப்பிப் பிடித்து, அடிப்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி காட்டினார். முதல் கால் நேராக நின்றது. கடைசிக் கால் வழுக்கி விழப்போகிறவன் மாதிரிச் சாய்ந்திருந்தது.

"நானும் இப்படித்தாண்ணே அமுக்குனேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. மாயாண்டி சாய்ந்த காலைப் பார்த்தார். அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் கனெக்டரின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மிச்ச டீயைக் குடித்து, கிளாசைப் பெஞ்சில் வைத்தார். பாண்டியம்மாளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக் கேட்டார்.

"பூண்டு என்னைக்கு எடுக்குற?"